தேக்குத் தரையில் துளை போட எந்தக் கருவி?

மும்பை கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். தரை முழுக்கத் தேக்குப் பலகை. மழைக்காலம் முடிந்து காற்று காய ஆரம்பித்ததும் ஆணித்தலைகள் மேலே எழும்பி, பிள்ளைகளின் வெறுங்காலைக் கீறுகின்றன. ஆணிகளை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போடலாம் என்று ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் டீச்சர் வீட்டிலிருந்த 600 வாட் இம்பாக்ட் டிரில்லை வைத்தே துளை போட்டிருக்கிறார். நான்கு பலகைகள் பிளந்துவிட்டன. துளைகள் கறுப்பாக, சாய்வாக இருக்கின்றன. கடையில் விசாரித்தால் 1000 வாட் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். தரைப்பலகையில் துளை போடுவதற்கென்று ஏதாவது கருவி உண்டா, எதை வாங்குவது என்பது கேள்வி.

டீச்சர், புது மெஷின் வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும். நீங்கள் போட வேண்டிய துளைக்கு 600 வாட் தாராளம். உங்களுக்கு வேண்டியது மரத்துக்கான பிட், அதாவது டிரில்லில் மாட்டும் துளைக்கும் கம்பி, அந்தப் பிட்டை நேராக இறங்க வைக்கும் ஒரு பிடிமானம், இவ்வளவுதான். நான் தாராவியில் வளர்ந்தவன். 31 வருடமாக மரத்தளம் போடுவதும் பழைய தளங்களைச் சரிசெய்வதும்தான் தொழில். இந்த ஊரில் நான் பார்த்த பாழான தேக்குப் பலகைகளில் பெரும்பாலானவை சக்தி குறைந்த மெஷினால் பாழானவை இல்லை. பிட்டைப் பிடித்து நடத்த ஆளோ கருவியோ இல்லாமல் பாழானவை.

முதலில் துளை ஏன் கறுத்தது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு இம்பாக்ட் டிரில்லோடு வரும் பிட்கள் பெரும்பாலும் சுவருக்கானவை. அதன் நுனியில் ஒரு கார்பைடு துண்டு பற்றவைத்திருக்கும். கான்கிரீட்டை இடித்துத் தூளாக்குவது அதன் வேலை, அதனால் அதற்குக் கூர்மையான வெட்டு முனை கிடையாது. மரத்தில் வைத்தால் அது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரம் கருகும், வெளியேற வழியில்லாத தூள் துளைக்குள்ளேயே இறுகும். கூடவே சுத்தியல் குறி போட்ட பட்டனைத் திருப்பி வைக்காமல் ஓட்டியிருந்தால், ஒவ்வொரு இடியும் மரத்தின் நாருக்குள் ஆப்பு வைத்த மாதிரிதான். தேக்கு நார் வாக்கில் சுலபமாகப் பிளக்கும். பலகையின் முனைக்குப் பக்கத்தில் இதைச் செய்தால் பிளக்காமல் இருந்தால்தான் அதிசயம். வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கான்கிரீட் வீடுகளிலேயே வேலை பழகியவர்களுக்கு மரத்தரை கைக்கு வருவதே இல்லை.

ஆணி ஏன் எழும்புகிறது என்பதும் தெரிந்தால்தான் துளையின் அளவு புரியும். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அகலத்திலும் கனத்திலும் அசையும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. அப்படியும் 150 மில்லிமீட்டர் அகலப் பலகைக்குள் ஈரம் 4 சதவீதம் ஏறினால், அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிக் கூடிவிடும். பத்துப் பலகை சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இது சாதாரணம். மழையில் பலகையும், அதைத் தாங்கும் அடிச்சட்டமும் ஊதுகின்றன. மழை போனதும் சுருங்குகின்றன. மரம் சுருங்கிக் கீழே போகிறது, ஆணி இருந்த இடத்திலேயே நிற்கிறது. இப்படி வருடத்துக்கு ஒரு சுற்று. போதாததற்கு உங்கள் வகுப்பில் பிள்ளைகள் தட்டடவு போடுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பலகை வளைந்து நிமிர்கிறது, ஆணியின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. எத்தனை முறை அடித்து இறக்கினாலும் அதே ஓட்டைக்குள் அதே ஆணிதானே, அடுத்த வருடம் திரும்ப வரும். ஸ்க்ரூவுக்கு மாறுவது என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது.

இப்போது துளைக்கு வருகிறேன். தரைப்பலகையில் ஒரு ஸ்க்ரூவுக்குப் போடுவது ஒரு துளை மாதிரித் தெரியும், உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துளைகள். உங்கள் பலகை பழைய அளவில் ஒரு அங்குலக் கனம், அதாவது 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன், அளந்து பாருங்கள். மேலே 10 மில்லிமீட்டர் அகலத்தில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. ஸ்க்ரூவின் தலை இதற்குள் இறங்கி உட்கார்ந்துவிடும், அதன்மேல் மர அடைப்பான் வைத்து மூடலாம். இரண்டாவது, குழியின் நடுவிலிருந்து பலகையின் அடிவரை 4.5 மில்லிமீட்டர் துளை. 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவின் உடம்பு சுமார் 4.2 மில்லிமீட்டர், அதனால் அது இந்தத் துளையில் கடிக்காமல் தளர்வாகப் போகும். மூன்றாவது, அடிச்சட்டத்துக்குள் 3 மில்லிமீட்டர் துளை. மரையின் பற்கள் கடிப்பது இங்கே மட்டும்.

நடுத்துளையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பலகையிலும் சட்டத்திலும் ஒரே 3 மில்லிமீட்டர் துளையாகப் போட்டால், மரை இரண்டையும் கடிக்கும். பலகை சட்டத்தை விட்டு ஒரு நூலளவு தூக்கி இருந்தால் அந்த இடைவெளி அப்படியே நிலைத்துவிடும். எவ்வளவு முறுக்கினாலும் பலகை கீழே உட்காராது. மிதிக்கும்போது கிரீச் என்று சத்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான். பலகையில் தளர்வான துளை இருந்தால் ஸ்க்ரூ சட்டத்தை மட்டும் பிடித்து, தலையால் பலகையை அழுத்தி இறக்கும். மழைக்காலத்தில் பலகை அகலத்தில் விரிய அந்தக் கொஞ்சத் தளர்வே இடமும் கொடுக்கும்.

சரி, மூன்றும் ஒரே அச்சில், தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இங்கேதான் கருவி என்ற பேச்சே வருகிறது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்து ஆசாரி. அவர் கையில் இருந்தது வில் துரப்பணம். ஒரு மரத்தண்டு, அதன் அடியில் தட்டையான இரும்பு முனை, தண்டைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றை இழுக்க ஒரு வில். தண்டின் தலையில் கொட்டாங்கச்சித் துண்டைக் கவிழ்த்து இடது கையால் அழுத்துவார், வலது கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பார். அந்தக் கொட்டாங்கச்சியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தண்டு நேராக நிற்பது அதனால்தான். சிந்துவெளிக்காரர்கள் நீளமான சூதுபவள மணிகளில் நூல் கோக்கும் துளையைக் கல் முனை வைத்தே போட்டிருக்கிறார்கள். பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 9000 வருடப் பழைய மனிதப் பற்களில்கூடத் துளை போட்ட அடையாளம் இருக்கிறது. அவ்வளவு நுணுக்கமான வேலைக்கு வேகத்தைவிட நிலையான பிடிதான் அடிப்படையாக இருந்திருக்க வேண்டும்.

வில்லில் ஒரு குறை உண்டு. தண்டு ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி என்று மாறி மாறிச் சுழல்வதால், முனை இரண்டு பக்கமும் சுரண்டத்தான் முடியும். சீவலை ஒரே திசையில் வெட்டி மேலே தள்ள முடியாது. கை பிரேஸ் வந்ததும் இது தீர்ந்தது. வளைந்த கம்பியைச் சுழற்றினால் பிட் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். மேலே ஒரு மரக்குமிழ் இருக்கும். அதை உள்ளங்கையாலோ நெஞ்சாலோ நெற்றியாலோ அழுத்திக்கொள்வார்கள். இங்கே மும்பையில் கையால் முறுக்கித் துளைக்கும் சின்னக் கருவியைக் கிர்மிட் என்கிறார்கள். நம் ஊரில் தமரூசி என்ற பேரும் இருந்தது, இப்போது சொல்ல ஆளில்லை.

பிரேஸில் மாட்டும் முறுக்குப் பிட்டைக் கையில் வைத்து ஒரு முறை பார்த்தால் போதும், மரத்தில் துளை எப்படி விழ வேண்டும் என்பது புரிந்துவிடும். நடு நுனியில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அது மரத்தைக் கடித்துக்கொண்டு பிட்டைத் தானாகவே உள்ளே இழுக்கும். நாம் அழுத்தவே வேண்டாம். ஓரத்தில் இரண்டு சின்னக் கத்திகள், நாரை வட்டமாக அறுத்துக் கொடுப்பதற்கு. அதனால் துளையின் விளிம்பு கிழியாது. அதற்கு உள்ளே இரண்டு வெட்டு உதடுகள் அறுபட்ட மரத்தைச் சீவலாகத் தூக்கும். முறுக்கின் பள்ளம் வழியாகச் சீவல் மேலே ஏறி வெளியே விழும். அமெரிக்காவில் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் என்பவர் 1855-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. அதன் தண்டில் ஒரு எண் குத்தியிருக்கும். 8 என்றால் 16-இல் 8 பங்கு, அதாவது அரை அங்குலம். சோர் பஜாரில் பழைய பிரேஸும் இந்த மாதிரி பிட்களும் கிடைத்தால் விடாதீர்கள். துருவைத் தேய்த்தால் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும்.

அதே 19-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டம் இணைத்துக் கட்டடம் எழுப்பும் தச்சர்களிடம் இன்னொரு இயந்திரம் இருந்தது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மரப்பலகை அடித்தளம், அதன்மேல் இரண்டு நிற்கும் கம்பங்கள், நடுவில் முறுக்குப் பிட், இரண்டு பக்கமும் கைப்பிடிகள். தச்சர் அந்த அடித்தளப் பலகையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். சைக்கிள் மிதிப்பதுபோல இரண்டு கையாலும் கைப்பிடிகளைச் சுற்றுவார், பல்சக்கரம் அந்தச் சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்பும், பிட் கம்பங்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டே இறங்கும். துளை முடிந்ததும் சுற்றுவதன் மூலமே பிட்டை மேலே தூக்கிக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு. அவர் உடம்பின் கனமே கருவியைத் தரையோடு கட்டிப்போட்டுவிடும். கை எவ்வளவு ஆடினாலும் பிட் ஆடாது. நீங்கள் செய்துகொள்ளப்போகும் கருவியும் இதன் தம்பிதான், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல்களின் உயிரே இந்தத் துளைகளில்தான் இருந்தது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் 1817 அக்டோபரில் இங்கே நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது, நீங்கள் போய் ஏறிப் பார்க்கலாம். கப்பலின் மேல்தளப் பலகையில் ஆணித்தலையைக் குழிக்குள் இறக்கி, அதன்மேல் மர அடைப்பான் வைத்து, நார் ஒரே வாக்கில் ஓடும்படி பொருத்துவது மரக்கப்பல் தச்சர்களின் பழைய வழக்கம். மாலுமிகள் வெறுங்காலோடு ஓடும் தரை அல்லவா? உங்கள் பிள்ளைகளின் கால்களுக்கும் அதே வழிதான்.

மின்சாரம் வந்தபோது கை மிச்சமானது, பிடிமானம் போனது. துப்பாக்கி மாதிரிக் கைப்பிடியும் விசையும் வைத்த டிரில்லுக்கு பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை வாங்கியது. உங்கள் வீட்டு மெஷின் வரை எல்லாமே அந்த வடிவத்தின் வழிவந்தவை. ஒரு கையால் பிடித்து, விரலால் அழுத்தினால் சுற்றும். வசதியானதுதான், ஆனால் கனம் பின்னால் இருக்கிறது, பிடி கீழே இருக்கிறது. தரையில் முட்டி போட்டுக் குனிந்து துளைக்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் உடம்புப் பக்கம் சாயும். நாம் மேலேயிருந்து பார்ப்பதால் பக்கவாட்டுச் சாய்வு தெரியும், முன்பின் சாய்வு தெரியாது. ஐந்து பாகை சாய்ந்தால்கூட 60 மில்லிமீட்டர் ஆழத்தில் நுனி 5 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். பலகை முட்டும் இடத்தில் அது சட்டத்தின் விளிம்பைப் பிளக்கப் போதும்.

இதற்குக் கடையில் கிடைக்கும் தீர்வு டிரில் கைடு அல்லது டிரில் ஸ்டாண்டு. ஒரு வட்டத் தட்டு, இரண்டு எஃகுக் கம்பிகள், அதில் ஏறி இறங்கும் ஒரு சக், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய். உங்கள் டிரில்லை அதன் தண்டில் மாட்டினால் நேராக மட்டுமே இறங்கும். நாக்தேவி தெருவில் கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக் பக்கவாட்டில் லொடலொட என்று ஆடினால் அதைத் தொடவே வேண்டாம். ஆடும் கைடு வைத்து வேலை செய்வதற்குக் கைடு இல்லாமலே செய்யலாம்.

எனக்குப் பிடித்தது வீட்டிலேயே செய்வது. நான் இருபது வருடமாகப் பயன்படுத்துவது இப்படித்தான் இருக்கும். 40 மில்லிமீட்டர் கனத்தில் நல்ல கெட்டி மரத்துண்டு ஒன்று, உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். அதில் ஒரு துளை, ஸ்டாண்டில் நிற்கும் பெரிய டிரில்லிங் மெஷின் உள்ள பட்டறையில்தான் போட வேண்டும். கையால் போட்டால் அதன் கோணல் எல்லாத் துளைக்கும் போய்ச் சேரும். துளைக்குள் 10 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள எஃகு புஷ், அதாவது ஒரு குட்டிக் குழாய், ஒன்றை அடித்து இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருபது துளைக்குப் பிறகு மரம் தேய்ந்து வாய் அகன்றுவிடும். கூடவே லேத்தில் ஒரு உள்குழாய் கடைந்து வாங்குங்கள்: வெளிவிட்டம் 10, உள்ளே 4.5, மேலே விளிம்பு வைத்து, கையால் போட்டு எடுக்கும் அளவுக்கு. கட்டையின் நான்கு பக்கமும் துளையின் நடுவுக்கு நேராகக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். தரையில் போட்ட பென்சில் கூட்டல் குறியோடு இந்தக் கோடுகளைச் சேர்த்தால் இடம் சரியாக அமையும். அடியில் உப்புத்தாள் ஒட்டினால் வழுக்காது. கடைசியாக, கட்டையை இரண்டடி நீளப் பலகை ஒன்றின் முனையில் அடியோடு அடி சமமாக இருக்கும்படி பொருத்துங்கள். அந்தப் பலகைமேல் முட்டி போட்டுக்கொண்டுதான் துளைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தச்சர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்ததும் இதற்காகத்தான்.

வேலை இப்படி நடக்கும். முதலில் 10 மில்லிமீட்டர் பிட்டை புஷ்ஷுக்குள் விட்டுக் குழி போடுங்கள். பிட்டின் மேல் ஆழம் நிறுத்தும் வளையம் மாட்டி, நுனியிலிருந்து 50 மில்லிமீட்டரில் இறுக்கிவிட்டால் கட்டைக்கு 40 போக மரத்தில் 10-இல் தானாக நிற்கும். கட்டையை நகர்த்தாமல் உள்குழாயைப் போட்டு 4.5 பிட்டால் பலகையின் அடிவரை போடுங்கள். அப்புறம் கட்டையை எடுத்துவிடலாம். 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு இனி அந்தத் துளையே வழி காட்டும். ஒரு விஷயம் கவனம்: சாதாரண 3 மில்லிமீட்டர் பிட்டின் மொத்த நீளமே 61 மில்லிமீட்டர்தான், அதில் ஒரு பகுதி சக்குக்குள் போய்விடும். உங்களுக்குத் தரையிலிருந்து 60 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். நீள வகை 3 மில்லிமீட்டர் பிட் என்று கேட்டால் 100 மில்லிமீட்டரில் கிடைக்கும். 4.5-க்கும் நீள வகையே வாங்குங்கள். ஸ்க்ரூ 50 மில்லிமீட்டர் நீளம். பலகையில் 15 போக, சட்டத்துக்குள் 35 இறங்கும். நடனத் தரைக்கு அது கட்டாயம் வேண்டும்.

பிட் வகை பற்றி: 10 மில்லிமீட்டருக்கு நடுவில் ஊசிமுனையும் ஓரத்தில் கத்தியும் உள்ள மர பிட். சின்னத் துளைகளுக்கு இரும்புக்குப் போடும் எச்எஸ்எஸ் முறுக்கு பிட்டே நன்றாக வேலை செய்யும். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, அதனால் முனை சீக்கிரம் மழுங்கும். 3 மில்லிமீட்டரில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தூள் கறுப்பாக வந்தாலோ புகை வாசம் அடித்தாலோ மாற்றுங்கள். பாதி ஆழத்தில் ஒரு முறை பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதறிவிட்டுத் தொடருங்கள். தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது; முகக்கவசம் போடச் சொல்லுங்கள், வகுப்பு நடக்காத நாளில் செய்யுங்கள்.

ஸ்க்ரூவை எங்கே போடுவது? பழைய ஆணி வரிசையே அடிச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று காட்டிக் கொடுக்கும். மறைந்திருக்கும் ஆணியைக் கண்டுபிடிக்க நல்ல காந்தம் ஒன்றைத் தரைமேல் மெதுவாக நகர்த்துங்கள். பழைய ஆணி இருந்த ஓட்டையிலேயே புது ஸ்க்ரூ போட வேண்டாம், ஓர் அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். இரண்டு பலகைகளின் முனைகள் ஒரே சட்டத்தின் மேல் முட்டும் இடங்களில், ஒவ்வொரு பலகைக்கும் அரைச் சட்டம்தான் கிடைக்கும். ஸ்க்ரூ முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில்தான் வரும். உங்கள் நான்கு பலகைகளும் அங்கேதான் பிளந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மூன்று துளைகளில் ஒன்றைக்கூடச் சுருக்கக் கூடாது.

ஆழம் நிறுத்தும் வளையத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், ஒரு பழைய வீட்டில் வளையம் இல்லாமல், கண் திட்டத்தில் துளைத்துக்கொண்டு போனேன். பலகைக்கு அடியில், சட்டத்தின் தலையிலேயே பள்ளம் வெட்டி ஒயர் பதித்திருந்தார்கள். பிட் அதைத் தொட்டது, படார் என்று பொறி பறந்தது, மாடி முழுக்க இருட்டு. பிட்டின் முனை உருகிப்போயிருந்தது. என் பக்கத்தில் முட்டி போட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு அப்போது பதினெட்டு வயது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒயர் இழுத்தோ பேட்டரி டிரில் வைத்தோதான் பழைய தரையில் துளைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே ஓடும் வரிசையில் இரண்டு மடங்கு கவனம்.

ஸ்க்ரூ முறுக்க அதே இம்பாக்ட் டிரில்லை எடுக்காதீர்கள், கையால் முறுக்குங்கள். பேட்டரி டிரில் இருந்தால் அதன் கழுத்து வளையத்தைச் சின்ன எண்ணில் வைத்து ஆரம்பியுங்கள். பித்தளை ஸ்க்ரூ அழகு, துருவும் ஏறாது, ஆனால் மெத்தென்றது. தேக்கில் முறுக்கும்போது கழுத்தோடு ஒடிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் இறக்கி மரை போட்டுவிட்டு, அதை எடுத்து, பித்தளை ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இறக்கினால் ஒடியாது. அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கடலோர ஊர், சாதா இரும்பு மட்டும் வேண்டாம்.

அடைப்பான்களை அதே பழைய தேக்கில் வெட்டச் சொல்லுங்கள். கட்டட இடிப்பில் வரும் பலகைத் துண்டு ஒன்று இருந்தால் நூறு அடைப்பான் கிடைக்கும், நிறமும் ஒத்துப்போகும். கடையில் உருளைக் குச்சியாக விற்பதை வாங்கி வெட்டிப் போட்டால் மேலே தெரிவது மரத்தின் குறுக்கு வெட்டு. கறுப்புப் பொட்டு மாதிரி நிற்கும், மழையில் பலகையோடு சேர்ந்து அசையாது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பசை சரியாகப் பிடிக்காது. அதனால் குழியையும் அடைப்பானையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் பசை தடவி, நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் ஓடும்படி தட்டி இறக்குங்கள். மேலே 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மறுநாள் உளியால் செதுக்கும்போது ஒரே வெட்டாக அடியில் வெட்டாதீர்கள். நார் கீழ்நோக்கி ஓடினால் அடைப்பான் குழிக்குள்ளேயே பிய்ந்து வரும். பாதி உயரத்தில் ஒரு சீவு சீவி நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து செதுக்குங்கள்.

எப்போது செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நவம்பர், டிசம்பர். மழை ஈரம் இறங்கி, பலகை முழுக்கக் காய்ந்தும் போகாத நடு நிலை அது. ஆகஸ்டில் செய்தால் ஜனவரியில் இடைவெளி தெரியும். பிப்ரவரியில், பலகை நன்றாகக் காய்ந்திருக்கும்போது இறுக்கிச் சேர்த்துவிட்டால் ஜூலையில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கித் தூக்கும். சுவரோரத்தில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், யாராவது சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரைத் தரைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பலகையில் துளை போடுவது வேறு, சட்டத்தில் போடுவது வேறு. மாடியைத் தாங்குவது சட்டம். அதன் மேல்விளிம்பும் அடிவிளிம்பும்தான் சுமையை வாங்குகின்றன, நடு உயரத்தில் இழுப்பும் அழுத்தமும் குறைவு. அதனால் துளை சட்டத்தின் நடு உயரத்தில்தான் வர வேண்டும். பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டி சொல்லும் கணக்கு, துளையின் விட்டம் சட்டத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, சுவரிலிருந்து மொத்த நீளத்தில் 0.25 முதல் 0.4 வரை உள்ள பகுதியில் இருக்க வேண்டும். அது புது மரத்துக்கான கணக்கு. எண்பது, நூறு வருடச் சட்டத்தில் கரையான் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. சுவரோரமாக வெளியே ஒயரை ஓட்டிவிடுங்கள். சட்டத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் கட்டட எஞ்சினியர் ஒருவர் பார்த்த பிறகுதான். வாடகை இடமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளந்த நான்கு பலகைகளில், பிளவு நேராக, ஒரு சாண் நீளத்துக்குள் இருந்தால் பலகையை மாற்ற வேண்டாம். எபாக்சியை பிளவுக்குள் இறக்கி, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து நெருக்கி ஒரு நாள் விடுங்கள். கருகிய கோணல் துளையை 10 மில்லிமீட்டரில் பெரிதாக்கி மர அடைப்பான் வைத்து மூடிவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். பிளவு முனையிலிருந்து முனைவரை ஓடியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ரே ரோடு மரக்கடைகளில் பழைய தேக்கு கேட்டுப் பாருங்கள். உங்கள் பலகையின் கனத்தையும் பக்கவாட்டு நாக்கின் அளவையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

எல்லாம் முடிந்து தேய்த்த பிறகு, வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பழைய நூல் புடவையைத் தண்ணீர் தொட்டுப் பிழிந்து, தரை முழுக்க நார் வாக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு சிலும்பு இருக்கிறது. சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் மறுபடி தேயுங்கள். புடவை எங்கும் சிக்காமல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை வந்துவிட்டால் பிள்ளைகளை ஏறச் சொல்லலாம்.